காப்பியமும் வீடியோ விளையாட்டும்: செய்த செயல் எங்கே போகிறது?

கதை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் கதைக்குள் புகுந்து விளையாடும் தலைமுறைக்கும் இடையே இன்று நம் இல்லங்களில் ஒரு வழக்கு நடந்து வருகிறது. கண் கெடும், படிப்புக் கெடும், பணம் போகும், வன்முறை பழகும் என்பன பெற்றோர் தரப்பின் குற்றச்சாட்டுகள். அவற்றில் உண்மை உண்டு. 2007ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பொழுதுபோக்கு என்னும் பெயரால் வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஆயினும் நாம் இங்கு எழுப்ப விரும்புவது இலக்கியத் திறனாய்வு சார்ந்த ஒரு வினா. காப்பியமும் கதை சொல்கிறது. விளையாட்டும் கதை சொல்கிறது. இரண்டிலும் வீரர் உளர், பகைவர் உளர், போர் உண்டு, கொலை உண்டு. கொலை இருப்பதனாலேயே விளையாட்டு தீயது என்போமாயின், கம்பனையும் இளங்கோவையும், விவிலியத்தின் சாமுவேல் நூல்களையும் நாம் மூடி வைக்க வேண்டியிருக்கும். தீமையைச் சித்திரிப்பதும் மனிதனை ஆழமாக அறிய உதவக்கூடும் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1963ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு ஆணையில் ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே என்ன செயல் காட்டப்படுகிறது என்பதை மட்டும் கேட்டால் போதாது. செய்து முடித்த செயலை அந்தக் கதைவடிவம் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அறம் குடியிருக்கும் இடம் அதுவே என்பது நம் கருத்து.

எய்த அம்பு

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன், கோவலனைக் கொல்ல ஆணையிட்டபோது உண்மையை அறியான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோதே அறிகிறான். அறிவு வந்துவிட்டது, ஆனால் வெட்டுண்டவனுக்கு அதனால் பயனில்லை. கள்வன் தானே என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதிக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து மாய்கிறான் அரசன். காலந்தாழ்ந்து வரும் அந்த அறிவின் வலிதான் அக்காட்சியின் அறம்.

கம்பனின் வாலி வதையும் அவ்வாறே. மறைந்து நின்று எய்த அம்பு வாலியின் மார்பில் பாய்கிறது. அவன் அதைக் கையால் பற்றி, அதில் பொறித்துள்ள பெயரைப் படிக்கிறான். இராமன் பெயர்! பின் அவன் கேட்கும் கேள்விகள் தமிழ் இலக்கியத்தின் கூர்மையான கேள்விகளுள் அடங்கும். இராமன் விடை சொல்கிறான். ஆனால் ஏன் மறைந்து நின்றாய் என்ற கேள்விக்கு விடையளிக்க முன்வருபவன் இலக்குவன். அந்த இடமாற்றத்தைக் கம்பன் தெரிந்தே வைத்தான் என்று எண்ணுவோர் பலர். இறுதியில் வாலி மனம் மாறுகிறான். தம்பியின் பிழையைப் பொறுக்குமாறு வேண்டுகிறான். மகன் அங்கதனை, தன்னை வீழ்த்தியவனிடமே ஒப்படைக்கிறான். மன்னிப்பும் உறவும் அங்கே மலர்கின்றன. ஆனால் அம்பு மார்பிலேயே இருக்கிறது. அச்செயல் முறையா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் வாதிட்டு ஓயவில்லை. காப்பியம் செயலை நியாயப்படுத்தி முடித்துவிட்டிருந்தால் அந்த வாதம் என்றோ ஓய்ந்திருக்கும்.

'மீண்டும்' என்னும் சொல்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டம் கூடி வந்ததைத் தமிழ் அன்பர் அறிவர். அங்கே கூடியோர் கம்பனை முன்பே அறிந்தவர்கள். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள எவரும் வரவில்லை. தெரிந்த பாடலையே மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நூறாம் முறை கேட்டாலும் வாலி வீழ்வான்; ஆனால் கேட்பவர் முதல்முறை காணாத ஒன்றை நூறாம் முறை காண்பார்.

விளையாட்டிலும் 'மீண்டும்' உண்டு. கைப்பேசித் திரையில் வீரன் இறந்ததும் 'ரீஸ்டார்ட்' என்னும் பொத்தான் தோன்றுகிறது. அதை அழுத்தினால் இறந்தவன் எழுகிறான், கொன்றது கொல்லாததாகிறது, பழைய அறிவோடு புதிய ஆட்டம் தொடங்குகிறது. பாண்டியனுக்கு மட்டும் இப்படியொரு பொத்தான் கிடைத்திருந்தால், இரண்டாம் ஆட்டத்தில் அவன் சிலம்பை முதலில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பிறகே ஆணையிடுவான், கோவலன் பிழைப்பான். ஆனால் மதுரைக் காண்டமும் இராது, அறமும் இராது.

ஆக, 'மீண்டும்' என்னும் ஒரே சொல் இரு வடிவங்களிலும் இரு வேறு பொருள் பெறுகிறது. காப்பியத்தில் நாம் அதே செயலிடம் திரும்பிச் செல்வது அதை மேலும் ஆழமாகக் காண்பதற்கு. விளையாட்டில் திரும்பிச் செல்வது பெரும்பாலும் அதை அழித்துவிடுவதற்கு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பாளையங்கோட்டை வழங்கிய பயணம்

பொருநை பாயும் இப்பகுதியே ஒரு கிறித்தவக் காப்பியத்தை ஈன்றெடுத்தது. கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருட்டிண பிள்ளை, ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றினார். அது 1894இல் வெளிவந்தது. அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். எனினும் அவர் நூல் கிறித்தவத் தமிழர் அனைவருக்கும் உரிய சொத்து.

இந்நூலை இன்றைய இளைஞன் ஒருவன் படித்தால் வியப்படைவான். சுமையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நாச நகரிலிருந்து புறப்படுகிறான். உளையைக் கடக்கிறான், மலை ஏறுகிறான், அரக்கனோடு பொருகிறான், மாயச் சந்தையில் சிக்குகிறான், இறுதியில் ஆற்றைக் கடந்து உன்னத நகரை அடைகிறான். ஒரு தடையை வென்றால்தான் அடுத்த தடை. நம் பிள்ளைகள் 'லெவல்' என்று சொல்வது இதையே! படிப்படியாக ஏறும் கதையமைப்பைக் கணினி புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆனால் கிருட்டிண பிள்ளை செய்த ஒரு மாற்றம் நம் சிந்தனைக்குரியது. பனியனின் நூலில் சிலுவையடியில் பயணியின் சுமை கழன்று விழும் காட்சி மிகச் சுருக்கமானது. நம் கவிஞரோ கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடும் பகுதி ஒன்றையே தம் காப்பியத்துள் வைத்தார். அங்கே பயணம் நிற்கிறது. ஓடியும் ஏறியும் போராடியும் வந்தவன் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. வேறொருவர் அவனுக்காகச் செய்து முடித்ததை அவன் கேட்க வேண்டும், ஏற்க வேண்டும், அவ்வளவே. தன் திறமையால் வென்ற கட்டங்களின் நடுவே, தன் திறமைக்கு இடமே இல்லாத ஒரு கட்டம்! இறையியலார் இதை அருள் என்பர். முன்னேறுவது ஒன்றையே இலக்காகக் கொண்ட ஆட்டத்தில் இத்தகைய நிறுத்தத்திற்கு இடம் கிடைப்பது அரிது.

வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726) இதே உண்மையை வேறு வழியில் உணர்த்துகிறது. 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவன் யார்? நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத புனித சூசை. அவர் கையில் வாளில்லை. பகைவனைக் கொல்லாமல், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குச் செல்பவர் அவர். ஏரோது கொன்ற குழந்தைகளை அவரால் காக்க இயலவில்லை. காக்க முடிந்தவரைக் காத்தல், காக்க முடியாததைத் தாங்குதல் ஆகிய இரண்டையும் ஒரு காப்பியத் தலைவனின் வீரமாக முனிவர் நிறுவினார்.

செய்பவனாக நிறுத்தும் கலை

இனி மறுதரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். காப்பியத்தைக் கேட்பவன் பிறர் செயலுக்கு நீதிபதியாக அமர்ந்துவிடலாம். இராமனைக் குறை கூறிவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்லலாம். விளையாட்டில் அதற்கு வழியில்லை. அங்கே அம்பை எய்தவன் ஆடுபவனே.

கதைக்குள் புகுந்து செயல்படுவது நம் மரபுக்கும் புதிதன்று. லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றன. பெத்லகேம் குகைக்குள் ஓர் ஏழைப் பணியாளனாக நின்று பணிவிடை செய்வதாகக் கற்பனை செய்யுமாறு அவை நம்மைப் பணிக்கின்றன. இயேசு சபையினரான வீரமாமுனிவரும் அப்பயிற்சியில் வளர்ந்தவரே. இறைவாக்கினர் நாத்தானோ, ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, தாவீது சினந்து தீர்ப்பிட்டதும், அம்மனிதன் நீயே என்று கதையின் வாயிலைத் திறந்து அரசனை உள்ளே தள்ளினார். கேட்பவனைச் செய்தவனாக்கும் அந்த ஆற்றல் விளையாட்டு என்னும் வடிவத்தின் இயல்பிலேயே அமைந்துள்ளது. அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே வினா.

சிலர் நன்கு முயன்றுள்ளனர். அமெரிக்கரான ரிச்சர்ட் கேரியட் 1985இல் உருவாக்கிய 'அல்டிமா' நான்காம் பாகத்தில் வெல்ல வேண்டிய பெரும்பகைவன் எவனும் இல்லை. நேர்மை, இரக்கம், பணிவு முதலிய எட்டு நற்பண்புகளில் ஆடுபவன் தேறி 'அவதாரம்' ஆக வேண்டும். கண்பார்வையற்ற வணிகரிடம் பொருள் வாங்கிவிட்டுக் குறைந்த காசு கொடுத்தால், ஒருவரும் கண்டிக்கமாட்டார். ஆனால் கணினி அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு நேர்மையின் மதிப்பைக் குறைத்துவிடும். நுட்பமான ஏற்பாடு. ஆயினும் ஒரு குறை உண்டு. பிச்சை இட்டால் இரக்கத்தின் மதிப்பு ஏறுகிறது என்று கண்டுகொண்ட சிறுவன், மதிப்பெண்ணுக்காகவே பிச்சையிடத் தொடங்குவான். கோவிலில் நின்று தன் நோன்பையும் காணிக்கையையும் எண்ணிக் காட்டிய பரிசேயனின் வழி இதுவன்றோ? நாமும் ஒரு காலத்தில் பலன்களை நாள் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் எண்ணி வந்தோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் அக்கணக்கை நீக்கினார். அறத்தை எண்ணாக மாற்றும் ஆசை கணினிக்கு மட்டும் உரியதன்று.

டோபி ஃபாக்ஸ் 2015இல் வெளியிட்ட 'அண்டர்டேல்' இன்னும் ஆழமாகச் செல்கிறது. பாதாள உலகில் விழுந்த குழந்தையாக நாம் ஆடுகிறோம். எதிர்ப்படும் உயிரைக் கொல்லலாம், இரக்கம் காட்டி விட்டுவிடலாம். தொடக்கத்தில் தாயாகப் பேணிய ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி அவளைக் காப்பாற்றினால், அங்குள்ள ஒரு பாத்திரம் நம்மைப் பார்த்து நகைக்கிறது. நீ முன்பு செய்தது எனக்குத் தெரியும் என்கிறது! அழித்துவிட்டதாக எண்ணிய செயலை விளையாட்டே நினைவில் வைத்திருக்கிறது. காப்பியத்தின் அறத்தை வீடியோ விளையாட்டு நெருங்கி வந்த இடங்களுள் இது ஒன்று என்போம்.

'வெண்பா' என்றொரு விளையாட்டு

தமிழருக்கு மேலும் அணுக்கமான ஒரு சான்று உண்டு. கனடாவின் டொராண்டோவிலுள்ள 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'வெண்பா'. பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு 2024இல் சிறந்த முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. நம் யாப்பின் பெயரைத் தாங்கிய அதன் நாயகி, தமிழகத்திலிருந்து கணவனோடு கனடாவில் குடியேறிய ஒரு பெண். கதை 1980களின் இறுதியில் தொடங்குகிறது. அவளிடம் தாய் தந்த சமையல் குறிப்பேடு ஒன்று உள்ளது. கிழிந்தும் மை கலைந்தும் போனது. எழுத்து அழிந்த இடங்களை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். ஆடுபவன் செய்யவேண்டிய வேலை அவ்வளவே. வாளில்லை, வெடியில்லை.

இட்லித் தட்டுகளைத் தவறாக அடுக்கினால் மீண்டும் அடுக்கலாம். ஆனால் அடுப்படிக்கு வெளியே நடப்பதை மீண்டும் நடத்த முடியாது. மகன் வளர்கிறான், தாயின் மொழியும் உணவும் அவனுக்குக் கூச்சமாகின்றன, விலகிப் போகிறான். உரையாடலில் நாம் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அந்த விலகல் நிற்பதில்லை. பின்னொரு நாள் அதே குறிப்பேட்டை மகன் திறக்கிறான். இப்போது தடை கலைந்த மையன்று. அவனுக்குத் தெரியாமற்போன தமிழ்.

ஆடுபவனுக்குக் கதையை மாற்றும் உரிமை போதவில்லை என்று சிலர் இதைக் குறை கூறக்கூடும். நாமோ அதையே இதன் சிறப்பாகக் கருதுகிறோம். சமையற்பிழைக்குத் திருத்தம் உண்டு. இழந்த ஆண்டுகளுக்கு இல்லை. எனினும் மகன் தாயைத் தேடித் தமிழகம் வருகிறான். போனது திரும்பவில்லை, போனதன் அருகில் புதிதாக ஒன்று தொடங்குகிறது. இதில் ஒரு காப்பியத்தின் முதிர்ச்சி இருக்கிறது. குறையும் உண்டு: இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அளவுக்குச் சிறியது, ஆண்டுகளைப் படபடவென்று தாண்டிச் செல்கிறது. துயரம் ஊறுவதற்கு வேண்டிய காலத்தைக் காப்பியம் தருகிறது, இது தரவில்லை.

மாஞ்சோலையின் கதையை எந்த வடிவில் சொல்வது?

இலக்கியக் கொள்கையை வாழ்வின்மீது வைத்து உரைத்துப் பார்ப்போம். மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனும் தேயிலைக் குடியிருப்புகள். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பெறப்பட்டு, காடு தோட்டமாயிற்று. தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் அட்டைக்கடியிலும் குளிரிலும் கொழுந்து கிள்ளினர். 2024இல் தோட்டப் பணி நிறுத்தப்பட்டது, குடும்பங்கள் மலையிறங்கின. பிறந்த மண்ணைச் சொந்தமென்று சொல்ல ஒரு பிடி நிலமும் இல்லாமல் இறங்கியவர்கள் அவர்கள்.

இக்கதையை வீடியோ விளையாட்டாக்குவது எளிது. தோட்டம் வளர்க்கும் விளையாட்டுகள் கைப்பேசியில் ஏராளம். கொழுந்து கிள்ளினால் புள்ளி, எடை கூடினால் காசு, காசு சேர்ந்தால் அடுத்த கட்டம். ஆனால் 1999 சூலை 23ஆம் நாளை அந்த விளையாட்டு என்ன செய்யும்? கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் அன்று மக்கள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறையின் தடியடியில் சிதறித் தாமிரபரணியில் இறங்கினர். ஒரு குழந்தையும் பெண்களும் உட்பட 17 உயிர்கள் போயின. விளையாட்டில் அந்த நாளை மீண்டும் மீண்டும் ஆடி, 17 பேரும் கரையேறும் வழியைக் கண்டுபிடித்துவிடலாம். 'வெற்றி' என்று திரையில் எழுத்து மின்னும். ஆனால் ஆற்றங்கரையில் அழுத தாய்க்கு அந்த வெற்றியால் என்ன பயன்? இறந்தவரை இறந்தவராகவே நினைவில் காப்பதும் ஒரு நீதி. அதை அழித்துச் சரிசெய்வது இறந்தவருக்கு இழைக்கும் இரண்டாம் அநீதி. இக்கதைக்குத் தேவை இளங்கோ. அல்லது நினைவை அழிக்க மறுக்கும் ஒரு புதுவகை விளையாட்டை ஆக்கும் கலைஞன்.

அழிப்பதும் மன்னிப்பதும்

இங்கே நம் விசுவாசத்தின் மையத்திற்கு வந்துவிடுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தை ஆன்மாவின் 'ரீஸ்டார்ட்' பொத்தானாக எண்ணும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. சனிக்கிழமை அழுத்தினால் ஞாயிறு புதிய ஆட்டம்! திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்டது. ஆனால் உரியா உயிர்த்தெழவில்லை. பாவமன்னிப்புக்குப் பின்னும் பாவப் பரிகாரம் ஏன் கேட்கப்படுகிறது? பறித்ததைத் திருப்பித் தரவும், கெடுத்த பெயரைச் சீர்செய்யவும் ஏன் கடமைப்பட்டிருக்கிறோம்? செய்த செயல் உலகில் நிற்பதனால்தான்.

யோவான் நற்செய்தி இதை இரு கரிநெருப்புகளால் காட்டுகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டே பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பை மூட்டி வைத்துக் காத்திருக்கிறார். முற்றத்து இரவை அவர் அழிக்கவில்லை. அந்த நெருப்பின் நினைவெழும் இடத்திலேயே பேதுருவை நிறுத்தி, மறுதலித்த அதே வாயிடம் மும்முறை அன்பைக் கேட்டு வாங்குகிறார். உயிர்த்த அவருடலிலும் ஆணிகளின் தழும்புகள் இருந்தன. இறைவன் எழுதும் கதை பழைய ஏட்டைக் கிழிப்பதில்லை. அதே ஏட்டில் அடுத்த வரியை எழுதுகிறது.

ஆகவே பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் நம் கடமை முடிந்துவிடாது. எந்த விளையாட்டை ஆடுகிறான் என்று கேளுங்கள். அதன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நீ சுட்டவன் யார், அவனுக்கு வீடு உண்டா, திரும்பத் தொடங்கியபோது அவன் எங்கே போனான் என்று வினவுங்கள். பிறகு நீங்கள் வாலியின் கதையைச் சொல்லுங்கள். பேதுருவின் கதையைச் சொல்லுங்கள். மலையிறங்கி வந்த முதியவர் எவரேனும் உங்கள் தெருவில் இருப்பாராயின், அவரையும் அழைத்து அமர்த்தி, பிள்ளைகள் கேட்க அவர் கதையைச் சொல்லச் செய்யுங்கள். எந்தப் பொத்தானும் மாற்ற முடியாத கதை அது. கேட்டவன் மறக்கவும் மாட்டான்.